பல துகள் குவாண்டம் இயக்கவியலுக்கு ஆய்வகச் சான்று என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு துகளுக்கும் பல துகளுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? அதே சமன்பாடுதானே?

சமன்பாடு அதேதான். ஆனால் அது சொல்லும் விஷயம் வேறாகிவிடுகிறது. ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கும்போது அதன் அலைச்சார்பு (துகள் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத் தரும் கணிதச் சார்பு) நாம் வாழும் மூன்று பரிமாண வெளியில் பரவியிருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். இரண்டாவது எலக்ட்ரான் வந்தவுடன் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு ஆளுக்கொரு அலையைத் தருவதில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே அலைச்சார்பு, அதற்கு ஆறு ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்), துகளுக்கு மூன்று வீதம். பத்து துகள் என்றால் முப்பது ஆயங்கள்.

இது அந்தக் காலத்திலேயே பலரை உறுத்தியது. 1926இல் டச்சு இயற்பியலாளர் லொரென்ஸ் ஷ்ரோடிங்கருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு துகள் வரை அலையை வெளியில் வைத்துப் பார்க்க முடிகிறது, அதற்கு மேல் அது முடியவில்லை என்று கவலைப்பட்டார். நியாயமான கவலை. முப்பது பரிமாணத்தில் ஒரு அலை என்று ஒருவர் சொன்னால், அதற்குச் சான்று கேட்பதுதான் முறை.

இதோடு இன்னொரு கூற்றும் சேர்கிறது. ஒரே வகைத் துகள்கள் இரண்டை இடம் மாற்றினால் கூட்டு அலைச்சார்பு ஒன்று அப்படியே இருக்கும், அல்லது குறி மட்டும் மாறும். அப்படியே இருப்பவை போசான்கள். குறி மாறுபவை ஃபெர்மியான்கள். எலக்ட்ரான் இந்த வகை. ஆக, சான்று தேவைப்படுவது இரண்டு விஷயங்களுக்கு: கூட்டு அலைச்சார்பு என்ற கருத்து, அதன் இடமாற்றச் சமச்சீர்.

ஹைட்ரஜன் அணு அவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகிறதே, அது போதாதா?

போதாது. ஹைட்ரஜனில் இருப்பது ஒரு எலக்ட்ரான். அணுக்கருவின் நகர்வைக் கணக்கில் எடுத்தாலும் கணக்கு ஒரு துகள் கணக்காகச் சுருங்கிவிடும். போரின் பழைய மாதிரிகூட ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களைச் சரியாகத்தான் சொன்னது.

அப்படியானால் முதல் உண்மையான சான்று எது?

ஹீலியம். துகள்களை வெகுதூரம் பிரித்துவைத்துச் செய்யும் பெல் சோதனைகளையே (பின்னால் வருகிறது) எல்லோரும் முதலில் சொல்கிறார்கள்; ஹீலியத்துக்குப் பாடநூலில் அரைப்பக்கம் கிடைத்தால் பெரிது. எனக்கு இது சரியாகப் படவில்லை. கூட்டு அலைச்சார்பு இல்லாமல் காரியம் நடக்காது என்பதை 1929ஆம் ஆண்டுக்குள் காட்டிவிட்டது இந்தச் சின்ன அணு.

எண்களைப் பார்க்கலாம். ஹீலியத்திலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றல் அலகு) வேண்டும். இரண்டாவதைப் பிடுங்க 54.4. மொத்தம் 79.0. இது அளந்த மதிப்பு. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதையே மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் 108.8 வரும். அது எங்கோ போய்விடுகிறது. போரின் பழைய முறையில் க்ராமர்ஸ் 1923இல் முயன்றபோதும் விடை கணிசமாகத் தவறியது.

இப்போது இடைப்பட்ட ஒரு வழியைப் பாருங்கள். ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் தனி அலை கொடுப்போம். மற்ற எலக்ட்ரானின் சராசரி மின்புலத்தில் அது இருப்பதாக வைத்துக்கொண்டு, இரண்டும் பொருந்தும்வரை கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவோம். இது ஹார்ட்ரி 1928இல் காட்டிய வழி. இந்த வகையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விடை 77.9. அளந்ததைவிட சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் குறைவு. கணினி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஆளுக்கொரு அலை என்ற வடிவத்தை விட்டு வெளியே வராதவரை இந்த இடைவெளியை மூட முடியாது.

ஏன் இந்த இடைவெளி? சின்ன சமையலறையில் இருவர் வேலை செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அடுப்புப் பக்கம் போனால் மற்றவர் தொட்டிப் பக்கம் ஒதுங்குவார். "இவர் சராசரியாக அறை முழுக்க இருக்கிறார், அவரும் அப்படியே" என்ற விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த ஒதுங்கல் தெரியவே தெரியாது. முதல் எலக்ட்ரான் இங்கே இருந்தால் இரண்டாவது எங்கே இருக்க வாய்ப்பு என்ற கேள்விக்கு இரண்டு தனி அலைகளில் பதில் இல்லை. ஆறு ஆயங்கள் கொண்ட ஒரே சார்பில் இருக்கிறது.

நார்வேக்காரரான ஹில்லராஸ் 1929இல் செய்தது இதைத்தான். இரண்டு எலக்ட்ரான்களுக்கும் இடையிலான தூரத்தையே அலைச்சார்புக்குள் ஒரு மாறியாக நேரடியாக எழுதினார். சில உறுப்புகளே போதுமாக இருந்தன; கைச்சுற்றுக் கணக்கு இயந்திரத்தில் போட்ட விடை 79.0ஐ ஒட்டி வந்து நின்றது. பின்னாளில் இதே வழியில் பல இலக்கங்களுக்கு முன்னேறிவிட்டார்கள். சார்பியல் திருத்தங்களையும் சேர்த்துக்கொண்டால் கோட்பாடும் நிறமாலை அளவீடும் மிக நுட்பமான அளவில் ஒத்துப்போகின்றன.

கூட்டு அலைச்சார்பு சரி. இடமாற்றச் சமச்சீருக்கும் ஹீலியத்தில் சான்று உண்டா?

உண்டு, அது இன்னும் அழகானது.

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணம் நம் பக்கத்தில் தெரிந்தது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சூரியப் பிழம்புகளின் நிறமாலையைப் பார்த்தார். அந்த ஆண்டு சூரிய நிறமாலையில் கவனத்துக்கு வந்த ஒரு மஞ்சள் கோடு, பூமியில் அப்போது அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 1895இல் ராம்சே ஹீலியத்தைப் பூமியிலேயே பிரித்தெடுத்தார். உடனே ருங்கேயும் பாஷனும் அதன் நிறமாலையை ஆராய்ந்தபோது, ஒன்றோடொன்று கலக்காத இரண்டு கோட்டுக் குடும்பங்கள் தெரிந்தன. இரண்டு வாயுக்கள் கலந்திருக்கின்றன என்றே முதலில் நினைத்தார்கள். பாரா ஹீலியம், ஆர்த்தோ ஹீலியம் என்ற பெயர்கள் அதன் எச்சம்.

வாயு ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. விளக்கம் 1926இல் ஹைசன்பெர்க்கிடமிருந்து வந்தது. எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் முழு அலைச்சார்பின் குறி மாற வேண்டும். தற்சுழற்சிப் (ஸ்பின்) பகுதி சமச்சீராக இருந்தால் இடப் பகுதி எதிர்ச்சமச்சீராக, அதாவது இடமாற்றத்தில் குறி மாறுவதாக, இருக்க வேண்டும், மறுதலையாகவும் அப்படியே. இதனால்தான் இரண்டு குடும்பங்கள்: இடப் பகுதி எதிர்ச்சமச்சீரானது ஆர்த்தோ, சமச்சீரானது பாரா. கிளர்ந்த நிலைகளில் மிகத் தாழ்ந்ததை எடுத்துக்கொண்டால், ஆர்த்தோவில் அது 19.8 எலக்ட்ரான் வோல்ட், பாராவில் 20.6. அந்த 0.8 இடைவெளியைத் தற்சுழற்சிகளுக்கு இடையிலான காந்த விசையால் விளக்க முடியாது. அந்த விசை ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. ஆர்த்தோவில் இரு எலக்ட்ரான்களும் ஒரே புள்ளியில் இருக்கும் வாய்ப்பு சுழியம். பாராவில் அப்படி இல்லை. மின்விசை அதேதான், இடங்களின் ஒழுங்கு வேறு. அதனால் ஆற்றலும் வேறு.

ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் கிட்டத்தட்டத் தடைபட்டிருக்கிறது. ஆர்த்தோவின் அந்தத் தாழ்ந்த நிலை சுமார் 7,870 வினாடி, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாழ்கிறது. சாதாரணக் கிளர்ந்த நிலைகளின் ஆயுள் ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். 1868ஆம் ஆண்டின் அந்த மஞ்சள் கோடு, 587.6 நானோமீட்டர், ஆர்த்தோ குடும்பத்தைச் சேர்ந்தது.

டி.எஃப்.டி. எனப்படும் டென்சிட்டி ஃபங்ஷனல் முறையில் மூன்று பரிமாண அடர்த்தி மட்டும் போதும் என்கிறார்களே? அப்புறம் ஆறு பரிமாணம் எதற்கு?

வேதியியல் மாணவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஹோகன்பெர்க், கோன் இருவரும் 1964இல் நிரூபித்தபடி, தரைநிலை (மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட நிலை) ஆற்றலை எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்தே பெற முடியும். ஆனால் அடர்த்தியை ஆற்றலோடு இணைக்கும் அந்தச் சூத்திரம் முழு அலைச்சார்பைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. நடைமுறையில் பயன்படும் தோராயச் சூத்திரங்களில் பலவும், 1980இல் செப்பர்லியும் ஆல்டரும் எலக்ட்ரான் வாயுவுக்கு மான்டே கார்லோ முறையில் செய்த பல துகள் கணக்கின் எண்களைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. முப்பது பரிமாண வேலையை ஒருவர் முன்கூட்டியே செய்து வைத்ததால் நமக்கு மூன்று பரிமாணம் போதுமாகிறது.

மூலக்கூறுகளில்?

ஹைட்ரஜன் மூலக்கூறின் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1927இல் ஹைட்லரும் லண்டனும் இரண்டு எலக்ட்ரான்களையும் இடம் மாற்றிக் கூட்டிய அலைச்சார்பால் பிணைப்பு ஏன் உருவாகிறது என்று காட்டினார்கள். அளவு சரியாக வரவில்லை, மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது. 1933இல் ஜேம்ஸும் கூலிட்ஜும் ஹில்லராஸின் வழியைப் பின்பற்றி, எலக்ட்ரான்களுக்கு இடையிலான தூரத்தை உள்ளே கொண்டுவந்ததும் விடை அளவீட்டின் பக்கத்தில் வந்துவிட்டது.

1960களில் கொவோஷ், வோல்னிவிச் என்ற இரு போலந்துக்காரர்கள் இதை மிகத் துல்லியமாகச் செய்தார்கள். அவர்கள் பெற்ற பிணைப்பாற்றல், ஹெர்ஸ்பெர்க்கின் அளவீட்டைவிட ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு அதிகமாக வந்தது. இது சாதாரண முரண் இல்லை. அவர்கள் பயன்படுத்திய மாறுபாட்டு முறையில் பிணைப்பைக் குறைவாகச் சொல்லித் தவறலாம், அதிகமாகச் சொல்லித் தவற முடியாது. ஆக, ஒன்று கோட்பாட்டில் பிழை, அல்லது அளவீட்டில். ஹெர்ஸ்பெர்க் தன் அளவீட்டை மேம்பட்ட கருவியில் திரும்பச் செய்து 1970இல் வெளியிட்டார். புதிய மதிப்பு கணக்கோடு பொருந்தியது. ஒரு கோட்பாட்டைச் சோதனை திருத்தலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே பல துகள் கணக்கு ஒரு மிகத் தேர்ந்த சோதனையாளரைத் தன் அளவீட்டை மறுபடி பார்க்க வைத்தது.

எலக்ட்ரான்களுக்கு மட்டும்தானா? அணுக்கருக்களும் இந்த விதிக்குக் கட்டுப்படுமா?

கட்டுப்படும். இதில் ராமன் விளைவுக்கு ஒரு நேரடிப் பங்கு உண்டு.

திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1928இல் கொல்கத்தாவில் தன் விளைவை (மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் சற்று மாறுவது) கண்டறிந்தார். அடுத்த ஆண்டே இத்தாலியரான ராசெட்டி அதைக் கொண்டு நைட்ரஜன் வாயுவின் சுழற்சி நிறமாலையை எடுத்தார். இரண்டு ஒரே மாதிரியான அணுக்கருக்கள் கொண்ட மூலக்கூறில், கோடுகள் ஒன்று விட்டு ஒன்று பலமாகவும் மங்கலாகவும் மாறி மாறி வரும். எவை பலமானவை என்பதை வைத்து அணுக்கரு போசானா ஃபெர்மியானா என்று சொல்லிவிடலாம். நைட்ரஜன்-14 போசான் என்று தெரிந்தது.

அப்போது அணுக்கருவில் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் இருப்பதாக நம்பினார்கள். அந்தக் கணக்கில் நைட்ரஜன் அணுக்கருவில் 14 புரோட்டான், 7 எலக்ட்ரான், மொத்தம் 21. ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஃபெர்மியான்கள் சேர்ந்தால் கூட்டும் ஃபெர்மியான்தான். கண்டதோ போசான். ஹைட்லரும் ஹெர்ஸ்பெர்க்கும் 1929இலேயே இந்த முரணைச் சுட்டிக்காட்டினார்கள். 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்ததும் கணக்கு நேரானது: 7 புரோட்டான், 7 நியூட்ரான், மொத்தம் 14. இடமாற்றச் சமச்சீரை நம்பியவர்களுக்கு, அணுக்கருவுக்குள் எலக்ட்ரான்கள் இருப்பது சரிவராது என்பது நியூட்ரான் வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

கண்ணால் பார்க்கும் அளவில் ஏதாவது?

திரவ ஹீலியம். ஹீலியம்-4 2.17 கெல்வினுக்குக் கீழே மீப்பாய்மமாகிறது, அதாவது உராய்வே இல்லாமல் ஓடுகிறது. 1938இல் மாஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலன், மைஸ்னர் இருவரும் தனித்தனியே கண்டார்கள். ஹீலியம்-3இல் ஒரு நியூட்ரான் குறைவு, அவ்வளவுதான். எலக்ட்ரான்கள் அதே இரண்டு, வேதியியல் ஒன்றே. ஆனால் அது ஃபெர்மியான். அது மீப்பாய்மமாக 0.0025 கெல்வின் அளவுக்கு இறங்க வேண்டியிருந்தது, 1972இல்தான் முடிந்தது. அணுக்கள் முதலில் ஜோடி சேர வேண்டும். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வெப்பநிலை வித்தியாசத்தை அணு எடையில் உள்ள கால் பங்கு வேறுபாட்டால் விளக்க முடியாது.

2007இல் ஆம்ஸ்டர்டாம், ஓர்சே குழுக்கள் இதையே அணு அணுவாக எண்ணிக் காட்டின. குளிர்ந்த ஹீலியம் மேகத்தை ஒரே உணர்கருவியின் மேல் விழவிட்டார்கள். ஹீலியம்-4 அணுக்கள் நெருங்கி நெருங்கி வந்தன. ஹீலியம்-3 அணுக்கள் ஒன்றையொன்று தவிர்த்து வந்தன. அணுக்களுக்கு இடையே விசை ஏதும் இதைச் செய்யவில்லை. குறி மாறுகிறதா இல்லையா என்பது மட்டுமே.

விண்மீன்களில் இதற்குச் சான்று உண்டா?

உண்டு. சிரியஸின் துணை விண்மீனில் ஏறக்குறைய சூரியனின் நிறை பூமியளவு உருவத்தில் அடங்கியிருக்கிறது. அதைத் தாங்குவது எலக்ட்ரான்களின் பௌலி அழுத்தம் (குறி மாறும் சமச்சீரால் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பௌலி விதியால் வரும் அழுத்தம்) என்று ஃபவுலர் 1926இல் சொன்னார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அதில் சார்பியலைச் சேர்த்து, இப்படித் தாங்குவதற்கு ஒரு நிறை வரம்பு உண்டு என்று கண்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு.

இவ்வளவு இருக்கும்போது பெல் சோதனைகள் எதற்கு?

ஹீலியத்தில் ஒரு சந்தேகத்துக்கு இடம் இருந்தது. இரண்டு எலக்ட்ரான்களும் பக்கத்தில் இருக்கின்றன, தள்ளிக்கொள்கின்றன. அந்த ஒருங்கிணைவை ஏதோ ஒரு சாதாரண விசையோ மறைந்த தகவலோ ஏற்படுத்தியிருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். துகள்களை வெகுதூரம் பிரித்துவிட்டால் அந்த வாதத்தைச் சோதிக்க முடியும். பெல் 1964இல் அதற்கு ஓர் எண் வரம்பு கொடுத்தார். இன்று வழக்கமாகப் பயன்படும் வடிவில், துகள்கள் முன்கூட்டியே தகவலைச் சுமந்து வந்தால் அந்த எண் 2ஐத் தாண்டாது. கூட்டு அலைச்சார்பு 2.83 வரை அனுமதிக்கிறது.

ஃப்ரீட்மன், க்ளாசர் 1972இல் தொடங்கினார்கள். 1982இல் அஸ்பே குழு, அளக்கும் திசையை ஃபோட்டான்கள் பறந்துகொண்டிருக்கும்போதே மாற்றியது. 2015இல் டெல்ஃப்ட் குழு 1.3 கிலோமீட்டர் தள்ளி இருந்த இரு வைரத் துண்டுகளின் எலக்ட்ரான் தற்சுழற்சிகளைப் பின்னி (ஒரே கூட்டு அலைச்சார்பில் இணைத்து), முந்தைய சோதனைகளில் மாற்று விளக்கத்துக்கு இடம் தந்த முக்கியமான ஓட்டைகளை ஒரே சோதனையில் அடைத்தது. கிடைத்த எண் 2.42, பிழை எல்லை 0.20. அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஃபோட்டான்களைக் கொண்டு, இன்னும் சிறிய பிழை எல்லைகளோடு இதையே உறுதி செய்தார்கள். 2022 நோபல் பரிசு அஸ்பே, க்ளாசர், சைலிங்கர் மூவருக்கும் போனது.

துகள் எண்ணிக்கை கூடினால் சரியாகக் கணக்கிடவே முடியாதே. பிறகு எப்படிச் சோதிப்பது?

நேர்மையாகச் சொன்னால், நூறு எலக்ட்ரானுக்கு ஹீலியம் போன்ற துல்லியச் சோதனை கிடையாது. அங்கே சான்று வேறு வடிவில் வருகிறது.

ஒன்று, ஒரு துகள் படத்திலிருந்து எப்படியும் வராத விளைவுகள். 1982இல் சூயி, ஷ்டோர்மர் இருவரும் வலுவான காந்தப்புலத்தில் தட்டையான எலக்ட்ரான் அடுக்கில் மூன்றில் ஒன்று என்ற பின்ன ஹால் படியை (குறுக்கே தோன்றும் மின்னழுத்தம் படிப்படியாக மாறும்போது ஒரு பின்ன எண்ணில் வரும் படி) கண்டார்கள். அடுத்த ஆண்டு லாஃப்லின் எல்லா எலக்ட்ரான்களுக்கும் சேர்த்து ஒரே அலைச்சார்பை எழுதினார். அதன் கிளர்வுகள் எலக்ட்ரானின் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் கொண்டிருக்க வேண்டும் என்று அது சொன்னது. 1997இல் இஸ்ரேலிலும் பிரான்சிலும் மின்னோட்ட இரைச்சலை அளந்து அந்த மூன்றில் ஒரு பங்கைக் கண்டார்கள். ஒரு எலக்ட்ரானும் உடையவில்லை. கூட்டம்தான் அப்படி நடந்துகொள்கிறது.

இன்னொன்று, சின்ன அமைப்பை முழுமையாகப் பார்ப்பது. 2015இல் ஹார்வர்டில் லேசர் ஒளியாலான பொறியில் நான்கு ருபிடியம் அணுக்களை வைத்து, அதே போன்ற இன்னொரு பிரதியோடு குறுக்கிட வைத்தார்கள். முழு அமைப்பு தூய்மையான நிலையில், அதாவது ஒரே அலைச்சார்பால் முழுதும் விவரிக்கக்கூடிய நிலையில், இருந்தது. அதன் பாதியை மட்டும் பார்த்தால், தனி அலைச்சார்பு இல்லாத கலங்கிய நிலை. மரபு இயற்பியலில் முழுமையைப் பற்றித் தெரிந்திருந்தால் பகுதியைப் பற்றியும் தெரியும். கூட்டு அலைச்சார்பில் அப்படி இருக்க வேண்டியதில்லை. பின்னலின் அளவை நேரடியாக அளந்த இந்தச் சோதனை எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று.

பௌலி விதி மீறப்படுகிறதா என்று யாராவது தேடியிருக்கிறார்களா?

1990இல் ராம்பெர்க், ஸ்னோ இருவரும் ஒரு நல்ல வழி கண்டார்கள். செப்புத் தகட்டில் மின்னோட்டம் செலுத்துங்கள். புதிதாக நுழையும் எலக்ட்ரான்களில் ஏதாவது ஒன்று, ஏற்கெனவே நிரம்பிய உள்கூட்டில் விழுந்தால் ஒரு எக்ஸ் கதிர் வரும். வழக்கமான செப்புக் கோடு 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட். விதியை மீறிய கோடு சுமார் 7.7இல் இருக்க வேண்டும். இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் விப் சோதனை இதைத் தொடர்ந்தது. அந்தக் கோடு தென்படவில்லை. மீறல் நிகழ்தகவின் மேல் எல்லை 10⁻²⁹ என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது.

பெரிய பொருள்களில் இது எங்காவது நின்றுவிடுமா?

இதுவரை நின்றதாகத் தெரியவில்லை. 1999இல் வியன்னாவில் கார்பன்-60 மூலக்கூறு குறுக்கீடு (அலைகள் கூடியும் குறைந்தும் தரும் வரிகள்) காட்டியது. 2019இல் அங்கேயே ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட, 25,000 டால்டனை (ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை ஏறக்குறைய ஒரு டால்டன்) தாண்டிய மூலக்கூறுகள் காட்டின. அலைநீளம் 53 ஃபெம்டோமீட்டர் அளவுக்குச் சிறியது. மூலக்கூறின் மொத்த நிறைதான் அலைநீளத்தைத் தீர்மானிக்கிறது என்பதே பல துகள் சமன்பாட்டின் விளைவு.

எங்கோ நிற்கும் என்று சொல்லும் கோட்பாடுகளும் உண்டு. கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் 1986இல் முன்வைத்ததில், ஒவ்வொரு துகளின் அலைச்சார்பும் மிக அரிதாகத் தானே சுருங்கும். துகள்கள் கூடக் கூடச் சுருக்கம் சீக்கிரம் நிகழும். இவற்றை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இவை சோதிக்கக்கூடியவை. தானாகச் சுருங்கும் மின்னூட்டத் துகள் மெல்லிய கதிர்வீச்சை வெளியிட வேண்டும். கிரான் சாஸோவில் ஜெர்மானியம் உணர்கருவியால் அதைத் தேடினார்கள். ஈர்ப்பு விசையால் சுருக்கம் நிகழும் என்ற டியோஷி, பென்ரோஸ் கருத்தின் மிக எளிய வடிவம் 2020இல் வெளிவந்த முடிவால் விலக்கப்பட்டது. மற்ற வடிவங்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது. கனமான மூலக்கூறுகள், மிதக்கவிட்ட நுண்மணிகள், அதிர்வுக் கம்பிகள் என்று பல பக்கங்களிலிருந்து அந்த இடத்தைச் சோதனைகள் குறுக்கிக்கொண்டு வருகின்றன.